பதில் வராத பக்கங்களையும் வாசியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாட்குறிப்பு எழுதும் பழக்கத்தைப் பற்றி உங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையைப் படித்தேன். நாட்குறிப்பு என்பது ஒருவர் தன்னோடு தானே பேசிக்கொள்வது, இன்னொருவர் கண் பட்டால் அதில் உண்மை இருக்காது என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். பெரும்பாலான நாட்குறிப்புகளுக்கு அது பொருந்தும். ஆனால் பலர் ஒன்றாக உட்கார்ந்து எழுதி, ஒருவருடையதை இன்னொருவர் காதால் கேட்டு, அவர் பாரத்தைத் தன் நோட்டிலும் எழுதிக்கொண்டு போகிற ஒரு வகையும் உண்டு. கிறிஸ்தவ சபைகளில் அதை ஜெபக் குறிப்பேடு என்போம், பேச்சில் ஜெப டைரி, ஜெப நோட்டு. எங்கள் ஜெபக்குழு பல வருடமாக அப்படித்தான் எழுதி வருகிறது. இந்தப் பழக்கத்தைப் புதிதாகத் தொடங்குகிற குழுக்களைப் பார்க்கும்போது எனக்கு ஒரு கவலை வருகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கவலை இதுதான். பல குழுக்களில் இந்த நோட்டு சாட்சிப் புத்தகமாக மாறிவிடுகிறது. வேலை கிடைத்தது, கட்டி கரைந்தது, வீட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று பதில் கிடைத்த பக்கங்களை மட்டும் சபை நடுவில் வாசிக்கிறார்கள். ஸ்தோத்திரம் சொல்ல வேண்டியதுதான், அதில் மறுப்பில்லை. இயேசு குணமாக்கிய பத்துக் குஷ்டரோகிகளில் திரும்பி வந்து நன்றி சொன்னவன் ஒருவன்தானே. ஆனால் அதே நோட்டில் வருடக்கணக்காக அப்படியே நிற்கிற வரிகள் இருக்கின்றன. அந்த வரிகளுக்குச் சொந்தக்காரர்கள் அதே வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்தவர் பக்கம் வாசிக்கப்படுகிறது, கைதட்டுகிறார்கள், இவர்களும் சேர்ந்து தட்டுகிறார்கள். கொஞ்ச நாளில் இவர்கள், தங்களுக்காக எதற்கு ஜெபிக்க வேண்டும் என்று விண்ணப்பம் சொல்வதை நிறுத்திவிடுகிறார்கள். "எனக்கு ஒன்றும் இல்லை சிஸ்டர், எல்லாருக்காகவும் ஜெபிப்போம்" என்று முடித்துக்கொள்கிறார்கள். அந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்கு மனசு பதறும்.

நான் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தேதி இல்லாத பதிவை என் கண் ஏற்றுக்கொள்ளாது. வரவை மட்டும் எழுதி நிலுவையை எழுதாமல் விட்ட பேரேடு எவ்வளவு அழகான கையெழுத்தில் இருந்தாலும் அது பொய்க் கணக்கு. ஜெப நோட்டையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

எங்கள் குழுவில் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், கேட்கிறவர்களுக்கு உதவும். ஆளுக்கு ஒரு நோட்டு, அது அவரவர் சொந்தம், கூட்டத்துக்குக் கொண்டுவந்து வீட்டுக்கே திரும்ப எடுத்துப் போவார்கள். அதை யாரும் யாரிடமும் காட்டத் தேவையில்லை. கூட்டத்துக்கென்று பொதுவாக ஒரு நோட்டு, கோடு போட்ட நீளமான நோட்டு. பாட்டும் வேதவாசிப்பும் முடிந்த பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசமாட்டோம். அவரவர் நோட்டில் எழுதுவோம். பேனா ஓடுகிற சத்தம்தான் கேட்கும். அதற்கு அப்புறம், விருப்பமுள்ளவர்கள் எழுதியதில் ஒரு வரியோ இரண்டு வரியோ வாசிப்பார்கள். விருப்பமில்லாதவர்கள் தலையை ஆட்டிவிட்டு அடுத்தவரைப் பார்க்கலாம், ஏன் என்று கேள்வி கிடையாது. வாசித்ததில் எது பொது நோட்டில் ஏற வேண்டும் என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும். கடைசியாக இரண்டிரண்டு பேராகப் பிரிந்து, ஒருவர் விண்ணப்பத்தை மற்றவர் தன் நோட்டில் கைப்பட எழுதிக்கொள்வார். அந்த வாரம் முழுக்க அதற்காக ஜெபிப்பது அவர் பொறுப்பு.

எழுதும் பழக்கம் வருவதற்கு முன்னால் எங்கள் கூட்டத்தில் விண்ணப்பம் சொல்கிற நேரமே கூட்ட நேரத்தில் பாதியைத் தின்றுவிடும். நன்றாகப் பேசத் தெரிந்தவர் நீளமாகப் பேசுவார். வாய் திறக்கக் கூச்சப்படுகிறவர் ஒதுங்கிவிடுவார். எழுதச் சொன்னதும் அந்த நிலைமை மாறியது. சத்தமாக ஜெபிக்கச் சொன்னால் வியர்த்துப்போகிற ஒரு தம்பி எங்கள் குழுவில் உண்டு. கூட்டத்துக்கு வருவார், கடைசியில் உட்காருவார், ஆமென் சொல்வார், போய்விடுவார். நோட்டைக் கையில் கொடுத்த பிறகு அவர் எழுதியதை ஒருநாள் வாசிக்கட்டுமா என்று அவரே கேட்டார். மூன்று வரிதான் வாசித்தார். அலுவலகத்தில் தனக்குக் கீழே வேலை செய்கிறவர்களிடம் கடுமையாக நடந்துகொள்ளாமல் இருக்க உதவும் ஆண்டவரே, குறிப்பாக மாலை நேரத்தில், சோர்வாக இருக்கும்போது என்று எழுதியிருந்தார். "குறிப்பாக மாலை நேரத்தில்" என்பதைக் கவனித்தீர்களா? வாய்ஜெபத்தில் அந்த அளவு நுணுக்கம் எங்களில் யாருக்கும் வராது. "எங்கள் குறைகளை மன்னியும்" என்று மொத்தமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவோம். பேனாவைக் கையில் பிடித்தால் எந்தக் குறை, எப்போது, யாரிடம் என்பதை எழுதித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

அடுத்தவர் விண்ணப்பத்தை எழுதிக்கொள்வதில் நாங்கள் ஒரு விஷயத்தில் மிகவும் கண்டிப்பாக இருக்கிறோம். கேட்டவர் சொன்ன வார்த்தையை மாற்றக் கூடாது. இது சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் இல்லை. ஒரு அக்கா, "மருமகளிடம் பேசும்போது எனக்குப் பொறுமை வேண்டும்" என்றார். பக்கத்தில் இருந்தவர் எழுதிக்கொண்டதைத் திருப்பி வாசிக்கச் சொன்னோம். "மருமகள் மனம் மாற வேண்டும்" என்று இருந்தது. அந்த அக்கா சிரிக்கவில்லை. "நான் அப்படிக் கேட்கலை, மாற வேண்டியது நான்தான்" என்று மெதுவாகச் சொன்னார். எழுதியவர் ஒரே கோட்டால் அடித்துவிட்டுச் சரியாக எழுதினார். அன்றிலிருந்து எழுதிய வரியைத் திருப்பி வாசித்துக் காட்டிய பிறகுதான் நோட்டை மூடுகிறோம். நாம் ஒருவருக்காக ஜெபிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, அவருக்கு எது வேண்டும் என்று நாம் முடிவு செய்ததற்காக ஜெபித்துக்கொண்டிருப்போம். எழுதி வைத்தால்தான் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது.

இப்படி எழுதுவதும் வாசிப்பதும் வேதத்துக்கு ஒத்துவருமா என்று எங்கள் சபையில் மூப்பர் ஒருவர் கேட்டார். நல்ல மனிதர், நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார். அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டி அந்தரங்கத்தில் ஜெபம்பண்ணு என்று மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் இருக்கிறதே, நீங்கள் எல்லாவற்றையும் எழுதி வாசிக்கிறீர்களே என்றார். வேதாகமத்தில் ஜெபப் பாடல்களின் தொகுப்பு சங்கீத புஸ்தகம், அதில் 51ஆம் சங்கீதத்தின் தலைப்பை அவருக்கு நான் காட்டினேன். பத்சேபாள் என்ற பிறன் மனைவியிடம் தவறு செய்ததை நாத்தான் தீர்க்கதரிசி வந்து கண்டித்த பிறகு தாவீது ராஜா பாடியது அது. அதைவிட அந்தரங்கமான ஜெபம் எது? ஆனால் அது இராகத்தலைவனுக்கு ஒப்புவிக்கப்பட்டது என்று தலைப்பிலேயே இருக்கிறது. அதாவது சபை முழுக்கப் பாடுவதற்காகக் கொடுக்கப்பட்டது. ஒருவர் உடைந்து அழுத ஜெபத்தை எழுதி வைத்து, ஜனங்கள் எல்லாரும் தங்கள் ஜெபமாக ஆக்கிக்கொண்டார்கள். சங்கீத புஸ்தகம் 150 அதிகாரமும் எனக்கு அப்படித்தான் தெரிகிறது, ஒரு சமுதாயமே சேர்ந்து வைத்திருந்த ஜெப நோட்டு.

அந்த நோட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்கிற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. பெரும்பாலானவை அழுகையில் தொடங்கித் துதியில் முடியும். 88ஆம் சங்கீதம் அப்படி முடியாது. இரவும் பகலும் கூப்பிட்டேன் என்று ஆரம்பித்து, சிநேகிதரும் அறிமுகமானவர்களும் விலகிப்போனதைச் சொல்லி அப்படியே நின்றுவிடுகிறது. கடைசியில் ஒரு ஸ்தோத்திரம் சேர்த்து முடித்திருக்கலாம், யாரும் சேர்க்கவில்லை. பதில் எழுதப்படாத அந்தப் பக்கத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சபையில் வாசித்திருக்கிறார்கள். நாம் மட்டும் ஏன் நம் நோட்டில் அப்படிப்பட்ட பக்கங்களைத் தள்ளிவிட்டுப் போகிறோம்?

பதிலைத் தேதியோடு எழுதி வைப்பதற்குப் பெயர் போனவர் பிரிஸ்டல் நகரத்தில் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய ஜார்ஜ் முல்லர். 1805ல் பிரஷ்யாவில் பிறந்து 1898ல் இறந்தவர். மனிதர் யாரிடமும் போய்ப் பணம் கேட்பதில்லை, ஜெபத்தில்தான் கேட்பேன் என்று இருந்தவர். வந்த காணிக்கைகளைத் தேதிவாரியாக எழுதி வைத்தார். பிரசங்கங்களில் அவரைப் பற்றிச் சொல்லும்போது இந்தப் பகுதியைத்தான் சொல்வார்கள், காலையில் சாப்பாட்டுக்கு வழியில்லை, ஜெபித்தார், ரொட்டி வந்தது என்று. அதே மனிதர் 1844 நவம்பரில் ஐந்து பேருடைய மனந்திரும்புதலுக்காக ஜெபிக்க ஆரம்பித்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை. சுகமோ, வியாதியோ, நிலமோ, கடற்பயணமோ, ஒருநாளும் விடாமல் ஜெபித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 18 மாதம் கழித்து முதல் ஆள். அதற்கு அப்புறம் ஐந்து வருடம் கழித்து இரண்டாவது ஆள். இன்னும் ஆறு வருடம் கழித்து மூன்றாவது ஆள். 36 வருடம் ஆன பிறகும் மீதி இரண்டு பேர் அப்படியேதான் இருந்தார்கள் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். தொடர்ந்து ஜெபித்துக்கொண்டும் இருந்தார். ஜெப நோட்டை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு ரொட்டிக் கதையைவிட இந்த இரண்டு பேர்தான் எனக்கு நல்ல பாடமாகத் தெரிகிறார்கள்.

எங்கள் பொது நோட்டில் இடது பக்கம் விண்ணப்பம், தேதி. வலது பக்கம் காலியாக இருக்கும், பிறகு எழுதுவதற்கு. ஆரம்பத்தில் அந்தப் பக்கத்தின் தலையில் "பதில்" என்று எழுதியிருந்தோம். எங்கள் குழுவில் ஒரு சகோதரியின் கணவர் அறுவை சிகிச்சைக்குப் போனார். அவர் பிழைக்க வேண்டும் என்று எல்லாரும் எழுதினோம், உபவாசம் இருந்தோம். அவர் இறந்துபோனார். சில வாரம் கழித்துச் சகோதரி கூட்டத்துக்கு வந்தார். நோட்டைக் கேட்டு வாங்கினார், அந்தப் பக்கத்தைத் திருப்பினார். வலது பக்கத்தில் எதிரே வெற்று இடம். யாருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. நல்ல எண்ணத்தில் ஒருவர், "பரலோகத்தில் பூரண சுகம் கிடைத்துவிட்டது என்று எழுதலாமே" என்றார். சகோதரி கேட்டுக்கொண்டார். அப்புறம் பேனாவை எடுத்து, அவர் இறந்த தேதியை எழுதி, "கேட்டது கிடைக்கவில்லை" என்று எழுதினார். அதன் கீழே, ஆஸ்பத்திரி வாசலில் ராத்திரி தன்னோடு யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று ஒவ்வொரு பெயராக எழுதினார்.

அதற்கு அடுத்த வாரம் "பதில்" என்ற தலைப்பை எடுத்துவிட்டு "நடந்தது" என்று மாற்றினோம். யோசனை பாஸ்டருடையது. அப்போஸ்தலனாகிய பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள், அதாவது தீராத ஒரு வேதனை, நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டதையும், "என் கிருபை உனக்குப் போதும்" என்ற வார்த்தைதான் வந்தது, முள் போகவில்லை என்பதையும் அன்றைக்கு அவர் பேசினார். பவுல் அதை மறைக்காமல் கொரிந்து சபைக்குக் கடிதமாக எழுதினாரே, அந்தத் தைரியம் நமக்கும் வேண்டும் என்றார்.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். மாதத்தில் ஒரு கூட்டத்தில் பொது நோட்டை முதல் பக்கத்திலிருந்து எடுத்து, வலது பக்கம் காலியாக இருக்கிற விண்ணப்பங்களை மட்டும் வாசிப்போம். பெயரையும் தேதியையும் சொல்வோம். விளக்கம் கிடையாது. வாசித்து முடித்ததும் சம்பந்தப்பட்டவரிடம் ஒரே கேள்வி: "இது இன்னும் இருக்கிறதா? இதே மாதிரி தொடரட்டுமா, வார்த்தையை மாற்றணுமா?" சிலர் தொடரச் சொல்வார்கள். சிலர் மாற்றுவார்கள். "மகன் திரும்பி வர வேண்டும்" என்று பல வருடம் நின்ற ஒரு வரியை அந்தத் தாய், "மகன் எங்கே இருந்தாலும் அவனுக்கு ஒரு நல்ல நண்பன் வேண்டும்" என்று மாற்றினார். பழைய வரியை அடிக்கவில்லை, கீழே புதுத் தேதியோடு எழுதினார். இதில் எந்த அற்புதமும் நடக்கவில்லை. ஆனால் அந்தத் தாயின் பாரத்தை யாரும் மறக்கவில்லை என்று அவருக்குத் தெரியும். "எனக்கு ஒன்றும் இல்லை சிஸ்டர்" என்ற பேச்சு எங்கள் குழுவில் இப்போது வருவதே அபூர்வம்.

இதற்கு எதற்கு நோட்டு, வாட்ஸ்அப் குரூப் போதாதா என்று இளையவர்கள் கேட்பார்கள். எங்களுக்கும் குரூப் இருக்கிறது. அவசரத்துக்கு அதுதான் கைகொடுக்கும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஒருவரை ஐசியூவில் சேர்த்தால் எல்லாருக்கும் உடனே தெரிய வேண்டும், அதற்கு நோட்டு உதவாது. ஆனால் குரூப்பில் போட்ட விண்ணப்பத்துக்குக் கீழே கை கூப்புகிற படம் வரிசையாக வந்து விழும். கொஞ்ச நேரத்தில் காலை வணக்கப் படங்கள் வந்து அதை மேலே தள்ளிவிடும். மறுநாள் தேடினால் கிடைக்காது. கை கூப்பிய படம் போட்டவர் ஜெபித்தாரா என்பது அவருக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும். கைப்பட எழுதினவர் அந்த வரியை மறுநாள் காலையில் மறுபடி பார்ப்பார், அதுதான் வித்தியாசம்.

இரகசியம் காப்பதைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதம் முழுமையாகாது. ஜெபக்குழுக்கள் உடைவது பெரும்பாலும் இங்கேதான். "ஜெபத்துக்காகத்தான் சொல்றேன்" என்று ஆரம்பிக்கிற பேச்சு எங்கே போய் முடியும் என்பது சபையில் வளர்ந்த எல்லாருக்கும் தெரியும். புறங்கூறித் திரிகிறவன் இரகசியத்தை வெளிப்படுத்துகிறான், ஆவியில் உண்மையுள்ளவனோ காரியத்தை அடக்குகிறான் என்று நீதிமொழிகள் 11:13ல் இருக்கிறது. எழுதி வைப்பதால் இந்த ஆபத்து கூடுகிறது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். பேச்சு காற்றோடு போகும், நோட்டு மேஜையில் கிடக்கும். அதனால் பக்கத்தைப் போன் கேமராவில் படம் எடுக்கவே கூடாது என்று வைத்திருக்கிறோம். வராதவருக்கு அனுப்பத்தானே என்றாலும் கிடையாது. அங்கே இல்லாத ஒருவரைப் பற்றிய விண்ணப்பம் என்றால் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் பொது நோட்டில் ஏறும். கேட்க முடியாவிட்டால் பெயரும் விவரமும் இல்லாமல் "ஒரு குடும்பத்துக்காக" என்று மட்டும் எழுதுவோம். ஆண்டவருக்கு முகவரி தேவையில்லை. பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பரீட்சையில் தோற்றதை, காதலை, படுக்கையை நனைப்பதைத் தாயோ தகப்பனோ பொது நோட்டில் எழுதினால் அந்தப் பிள்ளை நாளைக்கு அதே சபையில் தலை நிமிர்ந்து நடக்க வேண்டுமே.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738ல் சிறு குழுக்களுக்கு விதிமுறைகள் எழுதினார். குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள் என்ற வேத வசனத்துக்கு (யாக்கோபு 5:16) கீழ்ப்படிவதுதான் கூடிவருவதன் நோக்கம் என்று தொடக்கத்திலேயே போட்டார். வாரம் ஒருமுறையாவது கூடுவது, சொன்ன நேரத்துக்கு வருவது என்று அதன் பிறகு வருகிற எல்லாம் நடைமுறை. ஆவி நடத்தட்டும், விதிமுறை எதற்கு என்று சொல்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். மனிதர்கள் மனதைத் திறக்கிற இடத்தில் வேலி பலமாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. சில விஷயங்கள் நோட்டில் எழுதியதோடு நிற்கக் கூடாது. ஒரு பெண் வீட்டில் அடி வாங்குகிறாள் என்று தெரிந்தால், ஒரு பிள்ளைக்கு யாரோ தீங்கு செய்கிறார்கள் என்று தெரிந்தால், ஒருவர் "எனக்கு வாழவே பிடிக்கவில்லை" என்று எழுதி வாசித்தால், அன்றைக்கே அவரோடு யாராவது போக வேண்டும், மருத்துவரிடமோ சட்ட உதவிக்கோ. இரகசியம் காப்பது என்ற பெயரில் இவற்றை மூடி வைக்கக் கூடாது என்பதை முதல் கூட்டத்திலேயே எல்லாருக்கும் சொல்லிவிடுகிறோம். பசியோடு இருக்கிறவனிடம் சமாதானத்தோடே போங்கள், பசியாறுங்கள் என்று வாயால் சொல்லிவிட்டு ஒன்றும் கொடுக்காவிட்டால் என்ன பிரயோஜனம் என்று யாக்கோபு கேட்கிறார். அதனால் எங்கள் நோட்டில் விண்ணப்பத்துக்குக் கீழே சின்னதாக ஒரு வரி விடுகிறோம், நாம் என்ன செய்யலாம் என்று. வேலை தேடுகிறவருக்காக எழுதினால், அவர் விண்ணப்பக் கடிதத்தைப் பார்த்துத் திருத்திக் கொடுக்கப் போவது யார் என்று அங்கே ஒரு பெயர் ஏறும். வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்கிற மகளுக்காக எழுதினால், எந்தக் கிழமை யார் போய் இரண்டு மணி நேரம் உட்காருவது என்று ஏறும். சில விண்ணப்பங்களில் அந்த வரி காலியாகவே இருக்கும், செய்ய ஒன்றும் இருக்காது. அப்போது ஜெபம் மட்டும்தான். வேதாகமத்தில் வருகிற யூதா தேசத்து எசேக்கியா ராஜா அப்படித்தான் நின்றார். அசீரியர்கள் அனுப்பிய மிரட்டல் நிருபத்தை வாசித்துவிட்டு, ஆலயத்துக்குப் போய் அதைக் கர்த்தருக்கு முன்பாக விரித்து வைத்தார். அந்தக் காகிதத்தை அப்படியே விரித்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த விவரம்.

நேர்த்தியான எழுத்தும் வண்ணப் பேனாவும் ஸ்டிக்கரும் வைத்து ஜெப நோட்டை அலங்கரிக்கிறார்கள் இப்போது. மனசுக்கு இதமாக இருந்தால் செய்யட்டும். அச்சடித்த ஜெப டைரிகளும் வாங்கக் கிடைக்கின்றன, துதி, அறிக்கை, நன்றி, விண்ணப்பம் என்று கட்டம் போட்டு. புதிதாகத் தொடங்குகிறவருக்கு அது உதவும். அதைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை.

கடைசியாக ஒரு விஷயத்தில் உங்கள் வாசகர்களின் அனுபவம் எனக்கு வேண்டும். எங்கள் குழுவில் மூத்தவரான ஒரு அம்மா இறந்துவிட்டார். அவருடைய சொந்த ஜெப நோட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அவற்றை என்ன செய்வது என்று பிள்ளைகள் எங்களிடம் கேட்கிறார்கள். அதில் எங்கள் எல்லாருடைய விண்ணப்பமும் இருக்கும், பிள்ளைகளுக்கே தெரியாத அவருடைய பாரங்களும் இருக்கும். அமெரிக்க எழுத்தாளர் ஃபிளானரி ஓ'கானர் மாணவியாக இருந்தபோது 1946, 47ல் எழுதிய ஜெபக் குறிப்பேடு, அவர் 1964ல் இறந்து பல வருடம் கழித்து 2013ல் அச்சாகி வந்தது. அதனால் பலருக்கு நன்மை உண்டாகியிருக்கும். அவர் அதை விரும்பியிருப்பாரா என்று கேட்க ஆள் இல்லை. எங்கள் அம்மாவுடைய நோட்டுகளைப் பிரித்துப் படிக்காமல் எரித்துவிடுவதுதான் மரியாதை என்று குழுவில் பாதிப்பேர் சொல்கிறார்கள். அம்மா தங்களுக்காக என்ன ஜெபித்தார் என்று தெரிந்துகொள்ளப் பிள்ளைகளுக்கு உரிமை இருக்கிறது என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். எனக்கு இரண்டாவதில்தான் மனசு சாய்கிறது, ஆனால் அதில் மற்றவர்களுடைய விண்ணப்பம் உள்ள பக்கங்களை முதலில் எடுத்துவிட வேண்டும். யார் உட்கார்ந்து எடுப்பது, எடுக்கிறவர் படிக்காமல் எப்படி எடுப்பது என்ற இடத்தில் பேச்சு நின்றுகொண்டிருக்கிறது. இந்த நிலைமையைக் கடந்து வந்த குழு ஏதாவது இருந்தால் உங்கள் பத்திரிகைக்கு எழுதட்டும். நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம். இனிமேல் சேருகிறவர்களிடம், தன் நோட்டுகளைத் தனக்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடச் சொல்கிறோம். நானும் என்னுடையதில் எழுதிவிட்டேன்.

இந்தக் கடிதத்தில் வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதியிருக்கிறேன். அவர்களை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை விட்டிருக்கிறேன். என் பெயரைப் போட்டால் சபை தெரிந்துவிடும், சபை தெரிந்தால் ஆட்களும் தெரிந்துவிடுவார்கள். எனவே பெயரும் ஊரும் இல்லாமல் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஜெபக்குழு ஒன்றின் நோட்டை எழுதி வருகிறவள்